வண்டல் அள்ளுவதற்கு முன் ஒரு குழாய் மண்

பங்கனப்பள்ளி என்றால் நமக்கு மாம்பழம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஜுர்ரேரு என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. முன்பு கர்நூல் மாவட்டம், இப்போது நந்தியால் மாவட்டம். அங்கே ஜ்வாலாபுரம் என்ற கிராமத்தில், மண்ணுக்கு அடியிலிருந்து வெளிறிய பொடி ஒன்றை வெட்டியெடுத்துப் பாத்திரம் துலக்கும் தூளுக்காக விற்றுவந்தார்கள். பார்த்தால் நைசாக இருக்கும், விரல்களுக்கிடையில் தேய்த்தால் நறநறக்கும். அந்தப் பொடி ஆந்திர மண்ணில் உண்டானதல்ல. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது மேலே கிளம்பி, வங்காள விரிகுடாவைத் தாண்டி, ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் வந்து விழுந்த சாம்பல் அது.

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் இருக்கிறது. வருகிற கோடையிலும் எங்கள் வட்டாரத்தில் கண்மாய்களையும் ஊருணிகளையும் தூர்வாரப் போகிறார்கள். வாரட்டும், வாரத்தான் வேண்டும். வாருவதற்கு முன் ஒவ்வொரு கண்மாயிலிருந்தும் ஒரே ஒரு குழாய் மண்ணை, கலைக்காமல், மேல் கீழ் மாறாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் டீக்கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. நிலவியல் படித்தவன் என்ற முறையில் முழுதாக எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

தோபாவிலிருந்தே தொடங்குகிறேன். செட்டிநாட்டுக்கு அது அந்நியமான இடமல்ல. பர்மா, மலாயா, இலங்கைக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் சுமத்ராவின் மேடானிலும் கடை போட்டார்கள். மேடானிலிருந்து தெற்கே மலையேறினால் தோபா ஏரி. எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பச்சி இளவயதில் மேடானில் இருந்தவர்.

"அப்பச்சி அந்த ஏரியப் பத்தி ஏதும் சொல்லியிருக்காகளா ஆச்சி?"

"ஒரு தடவ பாக்கப் போனாகளாம். மலை மேல நின்னு பாத்தா அக்கர தெரியலயாம். நடுவுல தீவு, தீவுல ஊரு. இம்புட்டுத் தண்ணிய எந்த மகராசன் வெட்டுனான்னு கூட வந்தவுகளக் கேட்டாகளாம்."

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. செட்டிநாட்டில் பிறந்தவருக்குத் தண்ணீர் நிற்கிற இடம் என்றால் யாரோ வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும். இங்கே தானாக உண்டான ஏரி கிடையாது. ஊருணி வெட்டியது, கண்மாய் கரை போட்டது, தெப்பக்குளம் கட்டியது. தோபாவை யாரும் வெட்டவில்லை. பூமிக்கடியில் தேங்கியிருந்த பாறைக் குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர் அளவுக்கு வெளியேறியதும், தாங்க ஒன்றுமில்லாமல் மேலிருந்த நிலம் அப்படியே உள்ளே சரிந்தது. சரிந்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டருக்கு மேல். நடுவில் இருக்கும் சமோசிர் தீவு, அடியிலிருந்து பாறைக் குழம்பு மறுபடி நெம்பியதால் உயர்ந்து வந்த ஏரித்தளம்.

அந்தச் சாம்பல் இங்கும் விழுந்திருக்குமா? காரைக்குடியிலிருந்து தோபா சுமார் 2,400 கிலோமீட்டர்தான், ஜ்வாலாபுரத்தைவிடப் பக்கம். வங்காள விரிகுடாவின் அடிவண்டலில் அந்தச் சாம்பல் படலம் பல இடங்களில் கிடைத்திருக்கிறது. அரபிக் கடலிலும் கிடைத்திருக்கிறது. சோன், நர்மதை, மகாநதி, சாகிலேரு என்று பல ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் இருக்கிறது. இத்தனை இடத்தில் விழுந்த சாம்பல் நம் செம்புறாங்கல் மேட்டை மட்டும் விட்டுவைத்திருக்காது. ஆனால் விழுந்தது வேறு, நின்றது வேறு. மேட்டு நிலத்தில் விழுந்த சாம்பலைக் காற்று அள்ளும், ஐப்பசி கார்த்திகை மழை கழுவும், மிஞ்சிய கண்ணாடித் துகள் நாளடைவில் மக்கிக் களிமண்ணாகும். சாம்பல் தங்குவதற்கு ஒரு பள்ளம் வேண்டும், பள்ளத்தில் அசையாத தண்ணீர் வேண்டும், அதன்மேல் உடனே வேறு மண் வந்து மூடவும் வேண்டும்.

ஜ்வாலாபுரத்தில் இந்த மூன்றும் ஒருசேர அமைந்தன. அங்கே சாம்பல் படுகை சில இடங்களில் 2.5 மீட்டர் கனம். வானத்திலிருந்து இரண்டரை மீட்டர் சாம்பல் கொட்டியது என்று எண்ணிவிடக் கூடாது. நேரடியாக விழுந்து படிந்தது அடியிலுள்ள மூன்று விரல்கடை கூட வராது, சுமார் 5 சென்டிமீட்டர்தான். மற்றதெல்லாம் சுற்றியுள்ள குன்றுச் சரிவுகளில் விழுந்து, மழையில் கரைந்தோடி, பள்ளத்தாக்கின் நீர்நிலையில் வந்து சேர்ந்தது. நம் கண்மாய்க்கு வரத்துக்கால் வழியாக வண்டல் வருவதும் இதே கணக்கில்தான். கண்மாய் முந்நூறு ஏக்கர் என்றால் அதற்குத் தண்ணீர் தரும் நிலம் பல மடங்கு. அந்த நிலத்தில் நடந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய்க்குள் வந்து சேரும்.

ஒரு மண் சாம்பலா, வெறும் தூசியா என்று கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் என்னை இழுத்தது அதுதான். மண்ணை அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பைப் போக்குவார்கள். நுண்சல்லடையில் சலிப்பார்கள். பிறகு சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான கரைசலில் போடுவார்கள். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, எரிமலைக் கண்ணாடி அதைவிட லேசு. கரைசலின் அடர்த்தியை இரண்டுக்கும் நடுவே சரியாக வைத்துவிட்டால் மணல் கீழே இறங்கும், கண்ணாடி மேலே மிதக்கும். மிதந்ததை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள் சிதறிக் கிடப்பதுபோல் இருக்கும். சில வளைந்திருக்கும், சில தட்டையாக இருக்கும், சில மூன்று கை விரித்து நிற்கும். பாறைக் குழம்புக்குள் இருந்த வாயுக் குமிழிகளின் சுவர்கள் அவை. மூன்று குமிழி ஒட்டி நின்ற மூலைதான் மூன்று கை. இன்னொரு சோதனையும் உண்டு. நுண்ணோக்கியில் இரண்டு துருவத் தகடுகளைக் குறுக்காக வைத்து மேடையைச் சுழற்ற வேண்டும். குவார்ட்ஸ் மினுங்கி மினுங்கி அணையும். கண்ணாடி, எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே கிடக்கும். கல்லூரி ஆய்வகத்தில் முதல்முறை அந்தக் கறுப்பைப் பார்த்தபோது, 74,000 ஆண்டுப் பழைய ஒரு குமிழியின் உடைசலைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தில் வெகுநேரம் மேடையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

எந்த எரிமலை, எந்த வெடிப்பு என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். மின்னணுக் கற்றையைத் துகளின்மேல் பாய்ச்சி அதன் வேதிக்கூட்டை அளப்பார்கள். தோபாவின் கண்ணாடியில் சிலிக்கா மட்டும் சுமார் 77 சதவீதம். தோபா ஒரு தடவை வெடித்த மலையும் இல்லை. 74,000 ஆண்டுகளுக்கு முந்தையது கடைசிப் பெருவெடிப்பு, அதற்கு முன்னும் லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளியில் பெரிய வெடிப்புகள் நடந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் போரி என்ற ஊரில் கிடைத்த சாம்பல் கடைசி வெடிப்பைச் சேர்ந்ததா, பழையதா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் மோதிக்கொண்டார்கள். அதே படுகையில் கற்கருவிகள் இருப்பதால், சாம்பலின் வயது மாறினால் அந்தக் கருவியைச் செய்த மனிதரின் காலமும் பல லட்சம் ஆண்டு முன்னும் பின்னும் போகும். ஒரு துகளின் வேதியியலைச் சரியாக அளக்க இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

ஜ்வாலாபுரத்தின் பெருமையும் கற்கருவிகளில்தான். தொல்லியலாளர்கள் மைக்கேல் பெட்ராக்லியா, தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டர் உள்ளிட்ட குழு 2007ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, சாம்பலுக்குக் கீழேயும் மனிதர் செய்த கருவிகள் உள்ளன, மேலேயும் உள்ளன, இரண்டும் ஏறக்குறைய ஒரே கைவேலை. மணல் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன்படி சாம்பலுக்குக் கீழுள்ள மண் சுமார் 77,000 ஆண்டு, மேலுள்ளது சுமார் 74,000 ஆண்டு. தோபா வெடித்ததால் பூமியே பல வருடம் இருண்டு குளிர்ந்து மனித இனம் சில ஆயிரம் பேராகச் சுருங்கியது என்ற கருத்து 1990களில் வலுவாக இருந்தது. ஜ்வாலாபுரம் அதை அசைத்தது. சோன் பள்ளத்தாக்கில் தாபா என்ற இடத்திலும் 80,000 முதல் 65,000 ஆண்டுகளுக்கு முன்வரை கருவி செய்யும் முறை அறுபடாமல் தொடர்ந்ததாக 2020இல் ஆய்வு வெளிவந்தது.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. மார்ட்டின் வில்லியம்ஸ் குழுவினர் 2009இல் வங்காள விரிகுடாவின் அடிவண்டலிலிருந்து மகரந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். மத்திய இந்தியாவில் சாம்பலுக்குக் கீழும் மேலும் உள்ள பழைய மண்ணின் சுண்ணாம்பு முடிச்சுகளில் கரிம ஐசோடோப்பும், அதாவது லேசான கரிக்கும் கனமான கரிக்கும் உள்ள விகிதமும், அளந்தார்கள். சாம்பலுக்குக் கீழே காடு, மேலே புல்வெளி கலந்த திறந்த நிலம். மழை குறைந்து மரம் குறைந்தது என்பது அவர்கள் முடிவு.

பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பதில் வந்தது. மலாவி ஏரியின் அடிவண்டலில், ஏறத்தாழ 28 மீட்டர் ஆழத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில் தோபாத் துகள்களைக் கண்டெடுத்தார்கள். சுமத்ராவிலிருந்து அது சுமார் 7,000 கிலோமீட்டர். ஏரியின் அடியில் கறுப்பு மண், அதற்குள் சில கண்ணாடித் துகள்கள், அவ்வளவுதான். அந்தத் துகள் கிடைத்த மட்டத்தை ஒட்டி மேலும் கீழும் பார்த்தபோது ஏரி திடீரெனக் குளிர்ந்ததற்கான தடயம் இல்லை. 2013இல் வந்த ஆய்வு இது. 2018இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் பினாக்கிள் பாயின்ட் குகைப் பகுதியிலும் தோபாத் துகள் கிடைத்தது. அங்கே மனிதர்கள் வெடிப்புக்குப் பிறகும் வழக்கம்போல் வாழ்ந்திருக்கிறார்கள்.

யார் சொல்வது சரி என்று கேட்டால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எல்லோரும் அவரவர் பள்ளத்தைப் பற்றிச் சரியாகச் சொல்கிறார்கள். மலாவி ஏரி மலாவியின் வானத்தைச் சொல்லும், சோன் பள்ளத்தாக்கு மத்திய இந்தியாவின் மழையைச் சொல்லும். தண்ணீர் வரும் எல்லைக்கு வெளியே நடந்ததை ஒரு ஏரியிடம் கேட்பது, மானகிரியில் மழை பெய்ததா என்று தேவகோட்டைக் கண்மாயைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். சாம்பலின் பயனே இங்கேதான். ஆந்திரப் பள்ளத்திலும் ஆப்பிரிக்க ஏரியிலும் கடலடியிலும் ஒரே வெடிப்பின் சாம்பல் கிடப்பதால், இந்த மட்டம் எல்லா இடத்திலும் ஒரே காலம் என்று கோடு போட்டுவிடலாம். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் என்ன நடந்தது என்று ஒப்பிடலாம். சாம்பல் காலத்தைச் சொல்கிறது. மழையையும் காட்டையும் மனிதரையும் பற்றிச் சொல்வது அதைச் சுற்றியுள்ள சேறு.

சேறு எப்படிச் சொல்கிறது என்பதற்கு உலகத்திலேயே சிறந்த உதாரணம் ஜப்பானின் சுய்கெட்சு ஏரி. ஆறு எதுவும் நேராக வந்து கலக்காத, அடியில் உயிரினம் கிளறாத ஏரி அது. வருடத்துக்கு ஒரு மெல்லிய அடுக்கு, வெளிர் நிறமும் கருநிறமுமாக, பல பத்தாயிரம் ஆண்டுகளுக்குக் கலையாமல் படிந்திருக்கிறது. அந்த அடுக்குகளையே 45 மீட்டர் நீளத்துக்குச் சுவரில் பதித்து ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அப்படி வருட அடுக்கு கிடைக்காது, ஆனால் நம்மிடமும் நல்ல சேறு இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவின் சதுப்பு மண்ணை ஆய்ந்து 20,000 ஆண்டு மழைக் கதையை 1993இலேயே நேச்சர் இதழில் எழுதினார்கள். அதற்குப் பயன்பட்டதும் கரிம ஐசோடோப்புதான். மரங்களும் நெல்லும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் வழி ஒன்று, அதை சி3 என்பார்கள். கம்பு, சோளம், கேழ்வரகு, வெப்பநிலப் புற்கள் எடுக்கும் வழி வேறு, அது சி4. இரண்டிலும் கனமான கரியின் விகிதம் வேறுபடும். செடி மக்கி மண்ணாகி ஆயிரம் ஆண்டு ஆனாலும் அந்த விகிதம் மாறாது. பனியுக உச்சத்தில் நீலகிரியில் வறட்சி தாங்கும் சி4 புல் மேலோங்கியிருந்ததும், பின்னர் பருவமழை வலுத்ததும் அந்தச் சேற்றில் பதிந்திருந்தன. மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி விண்கல் விழுந்த பள்ளம். அதன் 10 மீட்டர் வண்டலில் கேலுசைட் என்ற உப்புப் படிகங்கள் சில மட்டங்களில் மட்டும் இருக்கின்றன. ஏரி வற்றி உப்பு கெட்டிப்படும்போதுதான் அது உண்டாகும். அதை வைத்துச் சுமார் 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன் நீண்ட வறட்சி ஒன்று இருந்ததைக் கண்டார்கள்.

இனி நம் கண்மாய்க்கு வருகிறேன்.

போன கோடையில் பக்கத்து ஊர்க் கண்மாயில் ஹிட்டாச்சி விட்டு வண்டல் வெட்டினார்கள். வட்டாட்சியர் அனுமதி வாங்கி விவசாயிகள் டிராக்டரில் வயலுக்கு அடித்தார்கள். வெட்டிய குழியின் ஓரச் சுவர் செங்குத்தாக நின்றது. இறங்கிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் அளவு கரம்பை, பாளம் பாளமாக வெடித்து, சீமைக்கருவேல வேர் ஊடுருவி. அதற்குக் கீழே பழுப்புக் களி, நடுநடுவே துரு நிறத்தில் திட்டுத் திட்டாக. தண்ணீர் வற்றிக் காற்றுப் புகுந்து இரும்பு துருப்பிடித்த மட்டம் அது. அதற்கும் கீழே ஒரு விரல் கனத்துக்கு மணல் கோடு, சுவர் நெடுக ஓடியது. மணலுக்குள் வெளுத்த நத்தை ஓடுகள். பிறகு ஈரம் காயாத சாம்பல் நிறக் களி, கையில் எடுத்தால் விரலை விடாத பிசுபிசுப்பு, அதற்குள் கரித்துண்டுகள், ஒரு பானை ஓட்டுச் சில். கடைசியில் செம்புறாஞ் சரளை. கண்மாய் வெட்டிய காலத்துத் தரை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மடை பார்க்கும் பெரியவர் கரைமேல் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, மண்ணுக்குள்ள தலைய விட்டுப் பாக்குறீக?"

"இந்த மணல் கோடு எப்ப வந்ததுய்யா?"

"அது கர ஒடஞ்ச வருசத்து மண்ணு. மேல உள்ள கண்மாய் ஒடஞ்சு தண்ணி இதுக்குள்ள எறங்குச்சாம். எங்க அய்யா சொல்லுவாரு, நான் பாக்கல."

அவருடைய அய்யா காலம் என்றால் நூறு வருடத்துக்குக் குறையாது. வெட்டுமுகத்தில் விரல் கனம் மணல், அதற்கு ஒரு ஊர் நினைவு. இரண்டும் ஒன்றா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் மறுநாள் வரை நிற்கவில்லை. அடுத்த வாளியில் அதுவும் டிராக்டருக்குப் போனது. வண்டி வண்டியாக நல்ல எரு, வயலுக்கு அது போனதில் எனக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. ஒரு முழக் குழாய் அளவு மட்டும் அதில் மிஞ்சியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்றுவரை தீரவில்லை.

அந்தக் குழாயில் என்னென்ன பார்க்கலாம்?

முதலில் வயது. ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் வானிலிருந்து சிறிது சிறிதாக எப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது. 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மேலிருந்து கீழே அது எப்படிக் குறைகிறது என்று அளந்தால் சுமார் 150 ஆண்டு வரை வண்டலுக்கு வயது போடலாம். அடுத்தது சீசியம்-137. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளின் தூசி உலகெங்கும் விழுந்தது, 1963 வாக்கில் உச்சத்தை எட்டியது. அந்தத் தூசி காரைக்குடியை விட்டுவைக்கவில்லை. சுமத்ராச் சாம்பலை ஜ்வாலாபுரத்துப் பள்ளம் பிடித்துக்கொண்டதுபோல், அணுகுண்டுத் தூசியை நம் கண்மாய்கள் பிடித்துக்கொண்டன. எந்த மட்டத்தில் சீசியம் உச்சமோ அந்த மட்டம் 1963ஐ ஒட்டியது.

மூன்றாவதாக நமக்கே உரிய ஒரு காலக்கோடு உண்டு, சீமைக்கருவேலம். நம் மாவட்டத்தில் அது காடாக மண்டியது போன நூற்றாண்டில்தான். கண்மாய்க்குள்ளேயே வளர்கிற மரம், அதன் மகரந்தம் கண்மாய் மண்ணிலேயே விழும். எந்த ஆழத்தில் அந்த மகரந்தம் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்று கண்டால், அதற்குக் கீழே உள்ளது சீமைக்கருவேலத்துக்கு முந்தைய செட்டிநாடு. அங்கே என்ன மரம் இருந்தது, எவ்வளவு புல், எவ்வளவு நெல் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. இன்று முள்காட்டை அழித்துவிட்டு எதை நடுவது என்று ஊருக்கு ஊர் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேறு எது?

மகரந்தம் எல்லாக் கண்மாயிலும் கிடைத்துவிடாது. வருடந்தோறும் வற்றி வெடிக்கும் மண்ணில் காற்று புகுந்து அது அழிந்துபோகும். எருமை உழக்கும், வேர் துளைக்கும், வெடிப்புக்குள் மேல்மண் விழும். சுய்கெட்சுவின் துல்லியத்தை நம் கண்மாயிடம் எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் அழியாத ஒன்று இருக்கிறது. புல் இனங்கள் தண்ணீரோடு சிலிக்காவை உறிஞ்சித் தங்கள் திசுக்களில் வைக்கும். செடி மக்கினாலும் எரிந்தாலும் அந்தச் சிலிக்கா வடிவம் அப்படியே மண்ணில் கிடக்கும். உமிச்சாம்பல் வைத்துப் பாத்திரமும் பல்லும் துலக்கினோமே, அந்த நறநறப்பு இதுதான். ஜ்வாலாபுரத்துச் சாம்பலைத் துலக்குதூளாக விற்றதும் அதே சிலிக்காவின் புண்ணியத்தில். நெல் உமியின் சிலிக்காத் துகள் இரட்டை முகட்டோடு இருக்கும், நெல் இலையினுடையது விசிறி விரித்த மாதிரி. சிறுதானியங்களுக்கு வேறு வடிவம். எந்தக் காலத்தில் கண்மாயைச் சுற்றி நெல் அதிகம், எந்தக் காலத்தில் வரகும் சாமையும் அதிகம் என்று இதிலிருந்து தேற முடியும். கரிம ஐசோடோப்பும் சி3, சி4 கணக்கில் அதையே வேறு வழியில் சொல்லும். தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை நீண்டது. அந்த மட்டத்தில் நம் கண்மாய் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

செட்டிநாட்டுக்கு இந்த மண் ஏன் முக்கியம் என்றால், நமக்கு வேறு புகல் இல்லை. மலை ஏரி இல்லை, சதுப்பு இல்லை, வருடமெல்லாம் ஓடும் ஆறு இல்லை. வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அதைத் தேக்கி வைக்க முன்னோர் வெட்டிய பள்ளங்களில் மட்டும்தான் இந்த நிலத்தின் பழைய மழையும் பழைய செடியும் தங்கியிருக்கின்றன. வெட்டிய நாளிலிருந்து தான் அதன் கணக்கு தொடங்கும், ஆகவே லட்சம் ஆண்டுக் கதையை அது சொல்லாது. சில நூறு ஆண்டு, பழைய பாண்டியர் காலக் கண்மாய் என்றால் இன்னும் கூட. குடிநீர் ஊருணிகளை முறையாக அடிக்கடி தூர் எடுத்தார்கள், ஆகவே அவற்றில் அதிகம் மிஞ்சாது. கைவிடப்பட்ட ஊருணியும், கரை ஓரத்து ஆழமான மூலை இதுவரை கை படாத பெரிய கண்மாயும்தான் நமக்கு வேண்டியவை. 2017இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியதிலிருந்து இயந்திரம் போகாத கண்மாய் குறைந்துகொண்டே வருகிறது.

தூர் வாருவதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும், வயல் விளைய வேண்டும். நான் கேட்பது ஒரு நாள் காலை வேலை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று அங்குல பி.வி.சி. குழாய், இரண்டு மீட்டர் நீளம், ஒரு நுனியை அரத்தால் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பங்குனி சித்திரையில் மண் கல்லாகிவிடும், இறங்காது. மாசியில், தண்ணீர் வற்றி மண் இன்னும் இளகியிருக்கும்போது போக வேண்டும். கண்மாயின் ஆழமான பகுதியில், மடைவாயிலிருந்து தள்ளி, மாட்டுத்தடமும் டிராக்டர் தடமும் இல்லாத இடம் பாருங்கள். குழாயை நேராக நிறுத்தி, மேல் நுனியில் கட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்குங்கள். இறங்கியதும் மேல் வாயில் மூடியை இறுக்கமாகப் போட வேண்டும், அப்போதுதான் உள்ளே உள்ள மண் நழுவாமல் குழாயோடு மேலே வரும். சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டித் தளர்த்திவிட்டு, கயிறு கட்டி இரண்டு பேர் தூக்கினால் போதும்.

வெளியே வந்ததும் கீழ் வாயையும் மூடி, இரு முனையையும் கறுப்பு டேப்பால் சுற்றுங்கள். வெயில் படக் கூடாது, பட்டால் மணலின் வயதை அளக்க முடியாது. பெர்மனென்ட் மார்க்கரால் மேல்முனை நோக்கி ஒரு அம்புக்குறி. பக்கத்திலேயே ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், தேதி, கைபேசி காட்டும் அட்சரேகையும் தீர்க்கரேகையும். எவ்வளவு ஆழம் இறங்கியது, உள்ளே மண் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழியைச் சுற்றி நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு குழாயை வீட்டுக்குள் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்தால் போதும், காய விடக் கூடாது. மடை பார்க்கும் பெரியவர்களிடம் கரை உடைந்த வருடம், கண்மாய் பெருகாத வருடம், மீன் செத்து மிதந்த வருடம் எல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் குழாயோடு கட்டி வையுங்கள். வருகிற மாசியில் எங்கள் ஊர்க் கண்மாயில் முதல் குழாய் இறங்குகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் சம்மட்டி நான் கொண்டுவருகிறேன், குழாய் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.